கந்தப்பளையில் ஒரு பழைய செயின் டிரக்டர்: என்ன மொடல், எப்படி எழுப்புவது?

கந்தப்பளை மகன் · 14 ஒக்டோபர்

எல்லோருக்கும் வணக்கம். கந்தப்பளைக்குக் கீழே ஓடையோரமாக எங்களுக்கு மூன்று ஏக்கர் மரக்கறி நிலம் இருக்கிறது. கரட், லீக்ஸ், கிழங்கு மாறி மாறிப் போடுகிறோம். வருடக்கணக்காகக் கை டிரக்டரின் ரொட்டரியால் மட்டுமே கொத்துவதால் மேல் மண் அரையடி பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே ஓடு மாதிரி ஒரு படை. அலவாங்கு போட்டால் "டங்" என்று கேட்கும். கரட் அந்தப் படையில் முட்டி இரண்டு கால், மூன்று கால் விட்டு வளர்கிறது. அப்படி வளர்ந்ததை மொத்த வியாபாரி கையால் தொடமாட்டார்.

அப்பா வேலை செய்த தோட்டத்தின் பழைய வேர்க்‌ஷொப்புக்குப் பின்னால், மானாப் புல்லுக்குள் ஒரு செயின் டிரக்டர் (சில்லுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் செயினில் ஓடுவது) கிடந்தது. வெட்டி இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நிறுவை விலைக்கே எடுத்துவிட்டேன். ரசீது இருக்கிறது.

இப்போது என் கேள்வி, இது என்ன மொடல்? பெயர்ப் பலகை கழன்று போயிருக்கிறது. ரேடியேட்டரின் மேல் தொட்டி உடைந்து, எழுத்து இருந்த இடமே இல்லை. துருவுக்கு அடியில் அங்கங்கே மஞ்சள் பெயின்ட். நான்கு சிலிண்டர். ஆசனத்துக்கு முன் இரண்டு லீவர், கீழே இரண்டு பிரேக் மிதி. கிளச் கையால் இழுப்பது. செயினின் வெளி ஓரத்திலிருந்து மறுபக்க வெளி ஓரம் வரை அளந்தால் 62 அங்குலம். அப்பாவுக்கு 74 வயது. சின்ன வயதில் இதே இயந்திரத்துக்கு உதவியாளாக இருந்தவர். "பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி டீசலுக்கு மாத்துவாங்க" என்று சொல்கிறார்.

கிளிநொச்சி உழவன் · 14 ஒக்டோபர்

தம்பி, மனம் நோகாமல் கேளுங்கள். மூன்று ஏக்கருக்கு ஏன் இந்த வேலை? ஒரு பெக்கோவை ஒரு நாளைக்குக் கூலிக்குப் பிடித்தால் படையை உடைத்துவிடும். இந்தச் சாமானுக்கு ஒரு போல்ட் தேடவே ஒரு மாதம் போகும்.

கந்தப்பளை மகன் · 14 ஒக்டோபர்

அண்ணே, பெக்கோவைக் கொண்டுவந்து பார்த்தோம். வாளியால் தோண்டினால் அடிமண் மேலே வந்துவிடுகிறது, மேல் மண் கீழே போய்விடுகிறது. அந்தத் துண்டில் இரண்டு போகம் ஒன்றும் சரியாக வரவில்லை. எனக்கு மண்ணைப் புரட்ட வேண்டாம், கீழே கீறிவிட்டால் போதும்.

பழைய இரும்பு நேசன் · 15 ஒக்டோபர்

அப்பா சொன்னதை வைத்தால் இன்டர்நெஷனல் டி.டி.6 ஆக இருக்கலாம். அந்தக் காலத்து இன்டர்நெஷனல் எஞ்சினில் ஒரே எஞ்சின்தான் முதலில் பெற்றோலில் ஓடும். ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர், பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் மெக்னீட்டோ எல்லாம் ஒரு பக்கம், டீசல் பம்ப் மறுபக்கம் இருக்கும். சூடேறியதும் டீசலுக்கு மாறும். மஞ்சளை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், சாலை வேலைக்கு வந்த இயந்திரம் பலதும் மஞ்சள்தான்.

ஊவா ஸ்பானர் · 15 ஒக்டோபர்

தம்பி, ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் பெரிய எஞ்சினின் தலையில் இருக்கிறதா, இல்லை பக்கத்தில் தனியாக ஒரு சின்ன எஞ்சின் இருந்து அதில் இருக்கிறதா? சின்னதாக இரண்டு சிலிண்டர் தனியாக இருந்தால் அது கேட்டர்பில்லர். அதைப் போனி என்று சொல்வோம். பெற்றோலில் போனி ஓடி, அது டீசல் எஞ்சினைச் சுற்றிவிடும். அப்பா சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எதையும் திருகிப் பார்க்காதீர்கள், கட்டி இழுத்தும் பார்க்காதீர்கள். இந்த மாதிரி இயந்திரங்கள் பல கெட்டது புல்லுக்குள் கிடந்ததால் இல்லை, கண்டெடுத்த முதல் நாள் லொறியில் கட்டி இழுத்ததால்தான்.

கந்தப்பளை மகன் · 16 ஒக்டோபர்

ஐயா, தனியாகச் சின்ன எஞ்சின் இருக்கிறது! இரண்டு பிளக். பெரிய எஞ்சினின் தலையில் பிளக் எதுவும் இல்லை.

ஊவா ஸ்பானர் · 16 ஒக்டோபர்

அப்படியென்றால் கேட்டர்பில்லர்தான். நீங்கள் சொன்ன அகலத்துக்கு டி2 என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்த மூன்று வேலை செய்யுங்கள்.

செயினில் ஒரு பின் நடுவிலிருந்து நான்கு கண்ணி தாண்டி அடுத்த பின் நடு வரை அளக்கவும். டி2 புதிதாக இருந்தால் 24½ அங்குலம், ஒரு கண்ணிக்கு 6⅛. தேய்ந்திருந்தால் கொஞ்சம் கூடும். டி4 என்றால் கண்ணியே பெரிது.

வார்ப்பு இரும்பில் புடைத்து நிற்கும் இலக்கங்களைப் பாருங்கள். ஒரு இலக்கம், ஒரு ஆங்கில எழுத்து, பிறகு நாலு இலக்கம் என்று வந்தால் பழைய கேட்டர்பில்லர் பாக இலக்கம். இது வண்டி இலக்கம் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வண்டி இலக்கம் பின்பக்கம், கியர் பொக்ஸ் வார்ப்பில் குத்தியிருக்கும். கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, சுண்ணாம்புக் கட்டியைப் பூசித் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை நிற்கும், எழுத்து தெரியும். கிரைண்டர் வைக்கவே கூடாது.

டி2 1938 முதல் 1957 வரை செய்தார்கள். 3ஜே, 5ஜே என்று தொடங்கினால் 1947 வரை வந்தது. 4யூ, 5யூ என்றால் அதற்குப் பின் வந்தது. இதில் இன்னொரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது, இலக்கம் கிடைத்ததும் சொல்கிறேன்.

கந்தப்பளை மகன் · 19 ஒக்டோபர்

இரண்டு நாள் மழை, அதனால் தாமதம். நான்கு கண்ணி 24¾ அங்குலம். சுண்ணாம்பு போட்டதும் எழுத்து வந்தது. 5யூ என்று தொடங்கி நாலு இலக்கம். அப்பா பக்கத்தில் நின்று விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு காலம் எண்ணெய் போட்டேன், இதுல நம்பர் இருக்குன்னு தெரியாது" என்றார்.

ஊவா ஸ்பானர் · 19 ஒக்டோபர்

நல்ல செய்தி, மலைநாட்டுக்காரருக்கு மிக நல்ல செய்தி. ஏன் என்று சொல்கிறேன்.

3ஜேயும் 4யூவும் ஒடுக்கமானவை. இரண்டு செயினின் நடுவுக்கு நடு 40 அங்குலம். 5ஜேயும் 5யூவும் 50 அங்குலம். நீங்கள் அளந்த 62 வெளி ஓரத்துக்கு வெளி ஓரம். அதில் ஒரு செயின் தகட்டின் அகலத்தைக் கழிக்க வேண்டும். தகடு 12 அங்குலம் என்றால் 50 வருகிறது, இலக்கத்தோடு சரியாகப் பொருந்துகிறது. ஒடுக்கமானது என்றால் 52 வந்திருக்கும்.

அந்தப் பத்து அங்குலம் சமதரையில் ஒன்றுமில்லை. சரிவில் குறுக்காகப் போகும்போது அதுதான் உயிர். ஒடுக்கமான டி2 பழத்தோட்ட வரிசைகளுக்கு நடுவே ஓடச் சரியானது. நம் பக்கத்துச் சரிவில் அதைக் குறுக்காக ஓட்ட நான் யாரையும் விடமாட்டேன். மொடல் கேட்பவர்களிடம் நான் முதலில் இலக்கத்தைத் தேடச் சொல்வது இதற்காகத்தான். உதிரிப்பாகம் வாங்குவதெல்லாம் பிறகு. எந்த மலைக்குப் போகலாம், எந்த மலைக்குப் போகக்கூடாது என்பதை முதலில் அந்த இலக்கம் சொல்கிறது.

5யூவின் எஞ்சின் டி311. சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம். முந்திய 3ஜே, 5ஜேயில் விட்டம் 3¾. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிஸ்டன் ரிங் கேட்கும்போது "டி2" என்று மட்டும் சொன்னால் தவறானது கையில் வரும். முழு இலக்கத்தையும் எழுதிக் கொண்டு போங்கள்.

ஹட்டன் லேத் · 20 ஒக்டோபர்

24¾ என்றால் செயின் மோசமில்லை அண்ணே. பின், புஷ் ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கும். பெரிய பிரஸ் உள்ள இடத்தில் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். மூன்று ஏக்கருக்கு இப்போது அதுவும் வேண்டாம். பின் பல்சக்கரத்தைப் பாருங்கள், பல் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா?

கந்தப்பளை மகன் · 20 ஒக்டோபர்

கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கொக்கி அளவுக்கு இல்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு கராஜில் காட்டினேன். பல்லெல்லாம் வெல்டிங் பண்ணி நிரப்பித் தருகிறேன் என்று பெரிய தொகை சொன்னார்கள்.

ஹட்டன் லேத் · 20 ஒக்டோபர்

வேண்டாம். அளவுத் தகடு வைத்துச் சரியாக நிரப்பாவிட்டால் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு உயரமாக வரும், நல்ல புஷ்ஷையும் தின்றுவிடும். இந்த நிலையில் அப்படியே ஓட்டுங்கள்.

ஊவா ஸ்பானர் · 21 ஒக்டோபர்

சரி, எஞ்சினுக்கு வருவோம். நான் செய்கிற வரிசையை எழுதுகிறேன், அவசரப்பட வேண்டாம்.

முதலில் அடி ஒயில் நட்டை மிக மெதுவாகக் கழற்றுங்கள். ஒயிலுக்கு முன் தண்ணீர் வரும். எத்தனை போத்தல் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். போனிக்கும் தனி ஒயில் தொட்டி உண்டு, அதையும் பாருங்கள். போனியும் பெரிய எஞ்சினும் ஒரே ரேடியேட்டர் தண்ணீரைப் பகிர்கின்றன. போனி ஒயிலில் நிறையத் தண்ணீர் இருந்தால் அதன் தலையிலோ கூட்டிலோ வெடிப்பு இருக்கலாம்.

இரண்டாவது, வால்வு மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கோடு திரும்பி வர வேண்டும். துருப் பிடித்து இறுகிய வால்வோடு எஞ்சினைச் சுற்றினால் தள்ளுகோல் வளைந்துவிடும்.

மூன்றாவது, இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு பிளைவீலில் கம்பி கொடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். அரை அங்குலம் அசைந்தால் போதும், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நான்காவதுதான் பலர் மறப்பது. டீசல் பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளும் தனிப் பிளஞ்சர் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு ரேக் (பல் வெட்டிய தண்டு) இழுக்கிறது. அந்த ரேக் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். இறுகி நின்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறிக்கொண்டே போகும், நிறுத்த முடியாது.

கந்தப்பளை மகன் · 6 நவம்பர்

பெரிய எஞ்சினில் இரண்டு போத்தல் தண்ணீர், பிறகு கறுப்பு ஒயில். போனியில் தண்ணீர் இல்லை. இரண்டாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வு மட்டும் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி நாலு நாள் தட்டினேன், வந்துவிட்டது.

எஞ்சின் அசைய பதினொரு நாள் எடுத்தது. பத்தாம் நாள் நான் நம்பிக்கை விட்டுவிட்டேன். அப்பாதான் விடியற்காலையில் தனியாகப் போய்க் கம்பியைப் போட்டிருக்கிறார். என்னை எழுப்பிக் கூட்டிப் போய்க் காட்டினார். கால் அங்குலம். இருவரும் அந்தக் கால் அங்குலத்தையே முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்தோம்.

பழைய இரும்பு நேசன் · 6 நவம்பர்

வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. இந்த மலையில் இப்படி எத்தனை இயந்திரம் எடை போட்டு லொறியில் போயிருக்கிறது! 1992-இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு பல வேர்க்‌ஷொப்புகள் மூடியதை நான் கண்ணால் பார்த்தேன். லேத், டிரில், வார்ப்பு அச்சு எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடந்து போனது. அதை ஓட்டத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்பா சொல்வதை எல்லாம் எழுதி வையுங்கள் தம்பி.

கந்தப்பளை மகன் · 7 நவம்பர்

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணே. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் குழப்பம். அப்பா சொல்கிறார், "மலை இறங்கும்போது வலது லீவரை இழுத்தா வண்டி இடது பக்கம் திரும்பும்." நான் அப்படி இருக்காது என்றேன். மேட்டில் போகும்போது வலதை இழுத்தால் வலதுக்குத்தானே திரும்பும், இறங்கும்போது மட்டும் எப்படி மாறும்? வயதாகிவிட்டதால் மாற்றிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

ஊவா ஸ்பானர் · 7 நவம்பர்

அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இந்த இழையில் இதுவரை எழுதியதில் மிக முக்கியமான வரி அதுதான். எல்லோரும் இதை நிதானமாக வாசியுங்கள்.

லீவரை இழுத்தால் அந்தப் பக்கச் செயினுக்கும் எஞ்சினுக்கும் இருக்கும் தொடர்பு அறுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. சமதரையில் எஞ்சின் இழுக்காத செயின் பின்தங்கும், மற்றது முன்னே போகும், எனவே இழுத்த பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை வேறு. வண்டியின் எடை கீழே தள்ளுகிறது, எஞ்சின் இழுக்கவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே வலது லீவரை இழுத்தால் வலது செயினைப் பிடித்திருந்த கையை விட்ட மாதிரி. அது வேகமாக உருளும். இடது செயின் எஞ்சின் பிடியில் மெதுவாகவே வரும். அப்போது வண்டி இடது பக்கம் திரும்பும்.

ஓட்டுபவர் பயந்து இன்னும் பலமாக வலதை இழுப்பார், வண்டி இன்னும் வேகமாக இடதுக்குப் போகும். நான் பார்த்த ஒரு விபத்து இப்படித்தான் நடந்தது. லீவரோடு அதே பக்கப் பிரேக்கையும் மிதித்தால் நினைத்த பக்கம் திரும்பும். பழைய டிரைவர்கள் இறக்கத்தில் எதிர்ப்பக்க லீவரை மெதுவாகத் தொட்டே திருப்புவார்கள். இரண்டு முறையும் தெரிந்திருக்க வேண்டும், சமதரையில் பழகிய பிறகே சரிவுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, இறக்கத்தில் கியர் மாற்றவே கூடாது. கியர் நடுநிலைக்கு வந்த கணமே மூன்றரை டன்னுக்குக் கிட்டிய இரும்பு சும்மா உருளத் தொடங்கும். திரும்பக் கியருக்குள் போகாது. மேலேயே நின்று முதலாம் கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். தலைக்கு மேல் கூண்டு இல்லாத வண்டி இது.

கந்தப்பளை மகன் · 8 நவம்பர்

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மண்வாசம் · 10 நவம்பர்

நான் விவசாய விரிவாக்க வேலையில் இருக்கிறேன். தம்பியின் நிலம் ஓடையோரச் சமநிலம் என்பதால் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இதைப் பார்த்துவிட்டு யாராவது சரிவான மலையில் கீற ஆசைப்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

சரிவில் ஆழமாகக் கீறினால் மழைத்தண்ணீர் ஓடைக்குப் போகாமல் கீறல் வழியே மண்ணுக்குள் இறங்கும். மண் கனக்கும், அடியிலுள்ள பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை நம் மக்கள் யாரும் மறக்கவில்லை. தேயிலை மலைகளில் நம் பாட்டன் பூட்டன் கான் வெட்டியது தண்ணீரை மெதுவாக வெளியே கொண்டுபோகத்தான். அந்தக் கானைச் செயின் ஏறி மூடினால் அடுத்த மழையில் மேல் மண் கீழ்வீட்டுக்காரரின் முற்றத்தில் இருக்கும். சரிவு நிலத்தில் மண் வெட்டுகிற எந்த வேலைக்கும் முதலில், மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

தம்பிக்கு ஒரு குறிப்பு. மண் ஈரமாக இருக்கும்போது கீறினால் கத்தி போன இடம் மட்டும் வெட்டுப்படும், படை உடையாது. ஒரு அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். நூல் மாதிரி நீண்டு வந்தால் காத்திருங்கள். உதிர்ந்தால் கீறலாம். உங்கள் பக்கத்தில் பெப்ரவரியில்தான் அது வாய்க்கும்.

கந்தப்பளை மகன் · 10 நவம்பர்

நன்றி அக்கா. மேல் பாத்திகள் சரிவாகத்தான் இருக்கின்றன. அங்கே கொண்டு போகமாட்டேன்.

கிளிநொச்சி உழவன் · 12 நவம்பர்

தம்பி, நானும் விடாமல் வாசிக்கிறேன். முதலில் வேண்டாம் என்று சொன்னவன், இப்போது ஒரு யோசனையோடு வருகிறேன். அந்த வண்டியில் பின்னால் தூக்குகிற ஹைட்ரோலிக் கை இல்லை, இழுவைக் கொக்கி மட்டும்தான். எங்கள் பக்கத்து மாசி 135 டிரக்டரில் மாட்டுகிற கலப்பை எதுவும் அதில் நிற்காது. சில்லு வைத்த, இழுத்துப் போகிற சட்டம் வேண்டும். இரண்டு கத்தி போதும். கத்தி 15 அங்குலம் இறங்கினால் கத்திக்குக் கத்தி இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கட்டும். தூக்குவதற்கு ஒரு நீண்ட நெம்புகோல் வையுங்கள்.

ஹட்டன் லேத் · 12 நவம்பர்

சட்டத்தை நான் செய்து தருகிறேன். பழைய லொறி செஸியும் ஸ்பிரிங் தகடும் கிடைத்தால் இரும்புச் செலவு குறையும். கத்தி நுனியைக் கழற்றி மாற்றுகிற மாதிரி வைப்போம்.

கந்தப்பளை மகன் · 3 ஜனவரி

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ஒரு நல்லது, ஒரு கெட்டது.

நல்லது, போனி ஓடுகிறது. மெக்னீட்டோவை வெளியே கொடுத்து ஏமாந்தேன், அனுப்பியதை விட மோசமான கொயில் திரும்பி வந்தது. கடைசியில் கண்டியில் ஒருவர் சுற்றித் தந்தார். கார்புரேட்டரைக் கழுவியதும் பிடித்துவிட்டது, ஆனால் புகை கறுப்பாக வருகிறது.

கெட்டது, ஸ்டியரிங் கிளச் இரண்டும் இறுகியிருக்கின்றன. லீவர் வருகிறது, ஆனால் செயின் விடுபடவில்லை.

ஊவா ஸ்பானர் · 3 ஜனவரி

போனியின் புகைக்குக் காரணம் உயரமாக இருக்கலாம். உங்கள் பக்கம் 1,800 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் கடற்கரையை விடச் சுமார் 20 சதவீதம் குறைவு. கார்புரேட்டர் அதே அளவு பெற்றோல் கொடுத்தால் கலவை கனத்துவிடும். ஊசியைக் கொஞ்சம் இறுக்குங்கள். பெரிய எஞ்சினும் பாரம் இழுக்கும்போது கறுப்பாகத்தான் விடும். அதற்காகப் பம்பின் செட்டிங்கில் கை வைக்காதீர்கள், ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

கிளச்சுக்கு முதலில் அடியில் இருக்கும் வடிகால் நட்டுகளைக் கழற்றுங்கள். அந்தக் கிளச் உலர்ந்தே வேலை செய்ய வேண்டியது. ஒயில் வந்தால் சீல் போயிருக்கிறது, தட்டுகள் வழுக்கும். மண்ணெண்ணெயால் கழுவினால் சரியாகும். தண்ணீரும் துருவும் வந்தால் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. பெரிய எஞ்சின் ஓடிய பிறகு, ஆளில்லாத சமதரையில், முதலாம் கியரில், லீவரைப் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டு அந்தப் பக்கப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். "டக்" என்று விடும். விடாவிட்டால் கழற்றத்தான் வேண்டும். இரண்டு நாள் வேலை, பயப்படாதீர்கள்.

கந்தப்பளை மகன் · 21 ஜனவரி

இன்று காலை பெரிய எஞ்சின் ஓடியது.

புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாக இருந்தது. மேல் தொட்டியைச் சரிசெய்த ரேடியேட்டருக்குப் புதுத் தண்ணீர், எஞ்சினுக்குப் புது 30 நம்பர் ஒயில், கியர் பொக்ஸுக்குச் சாதாரண 90. கடையில் கொடுத்த வீரியமான கியர் ஒயில் வெண்கலப் புஷ்ஷை அரிக்கும் என்று இங்கே ஒருவர் தனிச் செய்தியில் எச்சரித்ததால் மாற்றி வாங்கினேன். ஊவா ஐயா ரேக் பற்றி எச்சரித்ததை நினைத்து, காற்று உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் என் தம்பியைப் பலகையோடு நிறுத்தினேன், வேகம் மீறினால் மூடுவதற்கு.

அப்பாதான் ஆசனத்தில். போனியை ஓடவிட்டு, பெரிய எஞ்சினின் சிலிண்டர் அழுத்தத்தை விடுகிற டீகம்பிரஷன் லீவரைத் திறந்து, போனியின் பல்சக்கரத்தைப் பெரிய எஞ்சினில் மாட்டி, போனியின் கிளச்சை விட்டார். பத்து நிமிடம் அப்படியே சுற்றவிட்டார். நான் அவசரப்படுத்தினேன், கையை நீட்டித் தடுத்தார். போனியின் சூடு தண்ணீர் வழியாகப் பெரிய எஞ்சினுக்கு ஏற வேண்டும் என்றார். ஒயில் பிரஷர் முள் எழுந்தது. ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கம்பிரஷனை மூடி, டீசலைத் திறந்தார்.

முதலில் வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர், இரண்டு, பிறகு நான்கும். போனி தானாகக் கழன்றது. லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தை 40 வருடத்துக்குப் பிறகு கேட்கிறோம் என்று ஒரு பாட்டி சொன்னார்.

இடது கிளச் பிரேக் மிதித்ததும் விட்டது. வலது விடவில்லை, கழற்றினோம். தட்டுகள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டியிருந்தன. பிரித்துத் தேய்த்துப் போட்டாயிற்று.

ஊவா ஸ்பானர் · 21 ஜனவரி

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் ஒயிலை மாற்றிவிடுங்கள், பழைய அழுக்கெல்லாம் இப்போது கரைந்து வரும். செயினை இறுக்கி வைக்காதீர்கள். முன் சக்கரத்துக்கும் மேல் ரோலருக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அங்குலம் தளர வேண்டும். தார் ரோட்டில் ஏற்றாதீர்கள், வயலுக்கு லொறியில் கொண்டு போங்கள்.

கந்தப்பளை மகன் · 24 பெப்ரவரி

ஒன்பது நாள் மழையில்லை. மண் உருட்டினால் உதிர்ந்தது. ஹட்டன் அண்ணனின் சட்டத்தோடு இரண்டு ஏக்கர் கீறினோம். முதலாம் கியரில் 15 அங்குலம் இறங்கியது. கத்தி போகும் இடத்தில் மேல் மண் அலை மாதிரி லேசாகத் தூக்கி விழும், அடிமண் மேலே வரவில்லை. ஓடையோரம் பத்தடி விட்டுவிட்டோம். மேல் பாத்திக்குப் போகவில்லை அக்கா.

மண்வாசம் · 24 பெப்ரவரி

அருமை. கீறிய இடத்தில் திரும்பச் சில்லு வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டரியின் ஆழத்தைப் போகத்துக்குப் போகம் மாற்றுங்கள், இல்லையென்றால் அதே ஆழத்தில் மறுபடி படை கட்டும்.

கந்தப்பளை மகன் · 11 யூன்

கரட் பிடுங்கிவிட்டோம். கீறிய பக்கமும் கீறாத ஒரு ஏக்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கீறிய பக்கத்தில் கால் பிரிந்தது மிகக் குறைவு, வேர் நேராக இறங்கியிருக்கிறது. மிச்ச ஏக்கரை அடுத்த பெப்ரவரியில் கீறுவேன். அப்பா இப்போது தம்பிக்கு ஓட்டப் பழக்குகிறார், சமதரையில் மட்டும்.

வலது பக்க மேல் ரோலர் ஒயில் விடுகிறது, சத்தமும் வருகிறது. 5யூவுக்குப் பொருந்தும் ரோலரோ, கழற்றிய பழைய செயின் கூடோ யாருடைய தோட்டத்திலாவது கிடந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

பழைய இரும்பு நேசன் · 12 யூன்

கம்பளைப் பக்கம் ஒன்று கிடக்கிறது தம்பி. இலக்கம் 4யூ, ஒடுக்கமானது. ரோலர் இரண்டுக்கும் ஒன்றுதானா என்று ஊவா ஐயா சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கழற்றி வைக்கிறேன்.

ஊவா ஸ்பானர் · 12 யூன்

கழற்றுவதற்கு முன் வார்ப்பு இலக்கத்தைத் துடைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். தம்பியும் தன்னுடையதைப் போடட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கழற்றலாம்.